மூன்றரை வயதில் கொப்பி நிறைய எழுத்து: பிள்ளையின் கை தாங்குமா?

கொட்டகலை_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு மூன்றரை வயது. டவுனில் ஒரு நர்சரிக்குப் போகிறான். தினமும் கொப்பியில் ஒரு பக்கம் ‘அ’, ஒரு பக்கம் ‘இ’ எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். பென்சிலை முஷ்டி மடக்கித்தான் பிடிக்கிறான். விரலைத் திருத்தி வைத்தால் இரண்டு எழுத்து போகும், மூன்றாவதில் பழையபடி முஷ்டிதான். அரைப் பக்கம் முடிவதற்குள் கை வலிக்கிறது என்று அழுகை. நேற்று கொப்பியில் ‘இன்னும் பயிற்சி தேவை’ என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் காலையில் வேலைக்குப் போனால் இருட்டும் நேரம்தான் வீட்டுக்கு வருவேன். மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். ‘எழுத எழுதத்தான் கை பழகும், விட்டுவிடாதே’ என்கிறார். வீட்டுக்காரரும் அதே பக்கம். என் மனசு ஒப்பவில்லை. பிள்ளையின் கையில் ஏதாவது குறை இருக்கிறதா, இல்லை இந்த வயதுக்கு இது அதிகமா? வீட்டில் என்ன செய்யலாம்?

தலவாக்கலை_தகப்பன்:

தங்கச்சி, கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் உங்கள் மாமியார் பக்கம். என் மகள் நான்கு வயதிலேயே முழுப் பெயரும் எழுதினாள். தினமும் உட்காரவைத்து எழுதவைத்தோம், அதனால்தான். நாங்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கிருந்து எங்களை வெளியே கொண்டுவந்தது படிப்பு ஒன்றுதான். டவுன் பாடசாலைகளில் முதலாம் தரத்துக்குப் போகும்போது மற்றப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவார்கள், நம் பிள்ளை முழித்துக்கொண்டு நிற்கக் கூடாது. கொஞ்சம் அழுதால் பரவாயில்லை, பழகிவிடும்.

மலைநாட்டு_சிகிச்சையாளர்:

நான் தொழில்வழிச் சிகிச்சையாளர். சின்னப் பிள்ளைகளின் கைகளோடுதான் தினமும் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது குறையாகத் தெரியவில்லை. கேட்கப்படும் வேலைதான் வயதுக்கு மீறியது. பென்சில் பிடி படிப்படியாக மாறும். ஒன்று, ஒன்றரை வயதில் முஷ்டி. இரண்டு, மூன்று வயதில் விரல்கள் எல்லாம் கீழ்நோக்கி இருக்க, முழுக் கையும் தோளிலிருந்து அசையும். நான்கு வயதை ஒட்டி விரல் நுனிகளுக்கு வரும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் பென்சிலைப் பிடித்து, விரல்கள் மட்டும் அசைந்து எழுதும் பிடி ஐந்து, ஆறு வயதில்தான் உறுதிப்படும். உங்கள் மகன் நடுவழியில் இருக்கிறான். விரலைத் திருத்தி வைத்தால் இரண்டு எழுத்துக்கு மேல் நிற்காததற்குக் காரணம் பிடிவாதம் அல்ல, அந்தப் பிடியைத் தாங்கும் பலம் இன்னும் வரவில்லை.

எலும்பையும் பாருங்கள். மணிக்கட்டில் மொத்தம் 8 சின்ன எலும்புகள். பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக இறுகி வரும், கடைசி எலும்பு இறுக 9 முதல் 12 வயது வரை ஆகும். அதுவரை கையால் வேலை செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே அசைவைப் பக்கம் பக்கமாகச் செய்யச் சொன்னால் வலிக்கும்.

அடுத்தது வடிவம். பார்த்து வரைவதில் பிள்ளைகள் பொதுவாக மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, ஐந்தை ஒட்டிச் சதுரம், அதற்கும் பிறகு முக்கோணம் என்று போவார்கள். ‘இ’ என்ற எழுத்தை ஒரு தாளில் நீங்களே மெதுவாக எழுதிப் பாருங்கள். எத்தனை இடத்தில் வளைந்து திரும்புகிறது! வட்டத்தையே இப்போதுதான் மூடப் பழகும் பிள்ளையிடம் அதை ஒரு பக்கம் நிறையக் கேட்பது நியாயமில்லை.

ஒரு கேள்வி. சாப்பாடு அவனே சாப்பிடுகிறானா? காற்சட்டையை அவனே ஏற்றி இறக்குகிறானா? தண்ணீர்ப் போத்தல் மூடியைத் திறப்பானா?

கொட்டகலை_அம்மா:

அண்ணா, நிம்மதியாக இருக்கிறது. போத்தல் திறப்பான். காற்சட்டை, சப்பாத்து எல்லாம் அத்தைதான் போட்டுவிடுவார். சாப்பாடும் ஊட்டித்தான் விடுகிறோம். தனியாக விட்டால் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருப்பான், சோறு ஆறிப் பச்சைத் தண்ணியாகிவிடும். இங்கே குளிர் தெரியும்தானே.

மலைநாட்டு_சிகிச்சையாளர்:

அங்கேதான் தொடங்க வேண்டும். முழுச் சாப்பாட்டையும் அவனிடம் விட வேண்டாம். முதல் நாலைந்து வாய் அவன் கையால், மிச்சம் பாட்டி ஊட்டட்டும். சோற்றையும் பருப்பையும் பிசைந்து, உருண்டையாகத் திரட்டி, பெருவிரலால் வாய்க்குள் தள்ளுவது எவ்வளவு பெரிய விரல் வேலை என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. பென்சிலுக்குத் தேவையான அத்தனையும் அதில் இருக்கிறது: பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வருவது, உள்ளங்கை குழிவது, அழுத்தத்தை அளந்து கொடுப்பது. ரொட்டி சுட்ட அன்று அவனே கிழித்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிடட்டும். தோட்டத்து ரொட்டியைக் கிழிக்க இரண்டு கையும் எதிரெதிராக வேலை செய்ய வேண்டும், நல்ல பயிற்சி.

உடுப்பும் அப்படித்தான். காலையில் அவசரம், விட்டுவிடுங்கள். மாலையில் உடுப்பு மாற்றும்போது பட்டனைக் கழற்றுவதை மட்டும் அவனிடம் கொடுங்கள். பிள்ளைகளுக்குக் கழற்றுவது முதலில் வரும், போடுவது பிறகுதான் வரும்.

பண்டாரவளை_முன்பள்ளி:

நான் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் பக்கத்துக் கதையும் கொஞ்சம் கேளுங்கள். கொப்பி நிரம்பவில்லை என்றால் பெற்றோர் வந்து கேட்கிறார்கள், ‘சும்மா விளையாடவா அனுப்புகிறோம்’ என்று. பக்கத்து நர்சரியில் ஆங்கில எழுத்து 26ம் முடித்துவிட்டார்களாம் என்பார்கள். அந்த அழுத்தத்தில்தான் பல டீச்சர்மார் கொப்பியைக் கையில் எடுக்கிறார்கள். ஆகவே அந்த டீச்சரோடு சண்டை போடாமல், ‘வீட்டில் களி, கத்தரி, வரைதல் எல்லாம் செய்கிறோம், எழுத்து வேலையைக் கொஞ்சம் குறைக்கலாமா’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தாய் இப்படிக் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். உடுப்புக் கிளிப்பைக் கடதாசி மட்டையின் ஓரத்தில் வரிசையாக மாட்டச் சொல்வேன். கிளிப்பை அமுக்குவதும் பென்சிலைப் பிடிப்பதும் அதே மூன்று விரல்களால்தான். ஸ்பாஞ்சை ஒரு கோப்பைத் தண்ணீரில் நனைத்து அடுத்த கோப்பையில் பிழியச் சொல்வேன். நுவரெலியாப் பக்கம் உள்ளவர்கள் இளஞ்சூட்டுத் தண்ணீர் வையுங்கள், விரல் விறைத்துப் போனால் ஒன்றும் ஓடாது. குளிர் காலையில் நான் முதலில் கைதட்டிப் பாடவைப்பேன், கை சூடான பிறகுதான் மற்றது. ஸ்வெட்டர் கை நீளமாக இருந்தால் மணிக்கட்டுவரை மடித்துவிடுங்கள்.

பைனஸ் மரத்துக் காய் இங்கே எங்கும் கொட்டிக் கிடக்கிறது. அதன் இடுக்குகளில் கம்பளி நூலைச் சுற்றச் சொன்னால் பிள்ளைகள் அரைமணிநேரம் மூச்சுவிடாமல் இருப்பார்கள். கோது உரிக்கிற பட்டாணி, மொச்சை வாங்கினால் தனியாக உரிக்க வேண்டாம், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போஞ்சியைக் கையால் ஒடிப்பது, கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது எல்லாமே பாடம்தான்.

நம் ஊரில் எந்த நர்சரிப் பலகையிலும் மொண்டிசோரி என்று இருக்கும். மரியா மொண்டிசோரி 1907இல் ரோமில் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் தொடங்கியது சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். அம்மா அப்பா வேலைக்குப் போய்விட, வீட்டில் தனியாக நின்ற பிள்ளைகளுக்காக. லயத்துப் பிள்ளைகளுக்கு இது அந்நியமான கதை இல்லை. குமிழ் வைத்த மர உருளைகளைத் துளைகளில் பொருத்துவது, பட்டன் சட்டகம், ஊற்றுவது, துடைப்பது என்று அவர் கொடுத்தது எல்லாம் கை வேலை. உருளையின் குமிழை மூன்று விரலால் தூக்கித் தூக்கியே பென்சில் பிடி தயாராகும். பெயரை மட்டும் பலகையில் எழுதிவிட்டு மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொப்பி நிறைய எழுத்து கொடுப்பது எனக்கு மனவருத்தம் தருகிறது.

இறாகலை_அம்மாயி:

நான் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். முப்பது வருசத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்த கை இது. இரண்டு இலையும் மொட்டும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வந்து விழ வேண்டும், முற்றல் வரக் கூடாது, காம்பு கிழியக் கூடாது, இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். இதை யாரும் எங்களுக்குக் கொப்பியில் எழுதிப் படிப்பிக்கவில்லை. சின்ன வயதில் கூழாங்கல் வைத்து அஞ்சாங்கல் ஆடினோம், புளியங்கொட்டை ஊதினோம், மார்கழியில் வாசலில் கோலம் போட்டோம். விரல் தன்னால் கூர்மையானது.

என் பேரப்பிள்ளைகள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகக் கூடாது, அது என் நேர்த்தி. ஆனால் கை வேலை தெரியாமல் வளரவும் கூடாது. இப்போது பிள்ளை அழுதால் போனைக் கொடுக்கிறார்கள். நான் வீட்டு முன்னால் இஸ்தோப்பில் உட்காரவைத்துக் கோலமா கொடுப்பேன். முதலில் இறுக்கிப் பிடித்துக் கொட்டிவிடும், ஒரே மூட்டமாகிவிடும். மூன்று விரலால் கிள்ளி எடுத்து, பெருவிரலால் தள்ளித் தள்ளி விடப் பழகியதும் கோடு விழும். புள்ளி மட்டும் வைத்தாலே போதும், சின்னதுக்கு.

மலைநாட்டு_சிகிச்சையாளர்:

அம்மா, உங்கள் பதிவை நான் என்னிடம் வரும் தாய்மாருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். கோலமாவைக் கிள்ளி விடுவதில் பெருவிரல் சுட்டுவிரலில் உரசி நகர்கிறதே, அதே அசைவால்தான் பிறகு பென்சில் முனை நகரும்.

ஏடு தொடக்குவதையும் சொல்லியாக வேண்டும். விஜயதசமி அன்று அரிசியில் விரலால் எழுதவைத்துவிட்டு அந்தத் தட்டை எடுத்து வைத்துவிடுகிறோம். எடுத்து வைக்காதீர்கள். தட்டில் அரிசியோ ரவையோ பரப்பி, சுட்டுவிரலால் மலை, பாம்பு, மழை வரையச் சொல்லுங்கள். பிடிக்க ஒன்றும் இல்லாததால் வலி இல்லை, பிழைத்தால் தட்டை ஆட்டினால் அழிந்துவிடும்.

தலவாக்கலை_தகப்பன்:

சரி, நீங்கள் எல்லாரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். முதலாம் தரத்தில் கொப்பியும் பென்சிலும்தான் கொடுப்பார்கள், கோலமாவும் போஞ்சியும் கொடுக்க மாட்டார்கள். விளையாடிக்கொண்டே இருந்துவிட்டு அங்கே போய் நின்றால்?

மலைநாட்டு_சிகிச்சையாளர்:

நியாயமான கேள்வி, அண்ணா. முதலாம் தரத்துக்கு எடுப்பது ஜனவரி 31ஆம் திகதிக்குள் 5 வயது பூர்த்தியான பிள்ளைகளை. தங்கச்சியின் மகனுக்கு இன்னும் ஒன்றரை வருடமாவது இருக்கிறது. எழுதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். இப்போது தோளும் கையும் விரலும். நாலரை வயதுக்கு மேல் எழுத்து, அதுவும் நேர்க்கோட்டில் தொடங்கி. ட, ப, ர போன்றவை முதலில். அ, இ, ஐ போன்ற சுழிகள் பிறகு. நெடுங்கணக்கு வரிசைப்படி ‘அ’வில்தான் கை தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வாயால் அந்த வரிசையில் சொல்லட்டும்.

உங்கள் மகள் நான்கு வயதில் எழுதினாள், உண்மை. சில பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கை வந்துவிடும். கை வராத பிள்ளையை அதே வயதில் நெருக்கினால் இரண்டு நடக்கும்: தவறான பிடி பழக்கமாகிவிடும், எழுத்து என்றாலே வெறுப்பு வந்துவிடும். ஏழு எட்டு வயதில் அந்தப் பிடியை மாற்றப் படுகிற பாடு பெரிது.

இன்னொன்று, விரலுக்கு முன் தோள் வர வேண்டும். தோள் ஆடினால் விரல் ஓடாது. தாளைச் சுவரில் ஒட்டி நின்றுகொண்டு வரையட்டும், மணிக்கட்டு தானாகப் பின்னால் வளைந்து சரியான நிலைக்கு வரும். கரித்துண்டால் லயத்துச் சுவரில் கிறுக்கினால் அடிக்காதீர்கள், ஒரு பழைய கலண்டரைத் திருப்பி மாட்டிக் கொடுங்கள். தரையில் கையூன்றி, நீங்கள் காலைப் பிடித்துக்கொள்ள, அவன் கையால் நடக்கட்டும். உட்கார்ந்து எழுதினால் கால் தரையில் பட வேண்டும். கால் எட்டாத கதிரை என்றால் கீழே ஒரு பலகைக்கட்டை. கிரேயோன் உடைந்தால் எறியாதீர்கள், சின்னத் துண்டை முஷ்டியால் பிடிக்கவே முடியாது, விரல் நுனிக்குத்தான் வரும்.

மஸ்கெலியா_நேர்ஸ்:

எல்லாம் நல்ல யோசனை. பாதுகாப்பை மறந்துவிட வேண்டாம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மணி, பட்டன், புளியங்கொட்டை, கச்சான், பட்டாணி எதையும் கண் எட்டாமல் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். பெரிய பிள்ளை மணி கோக்கும்போது சின்னது பக்கத்தில் தவழ்ந்து வரும், அதைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். விளையாட்டுச் சாமான்களில் இருக்கும் தட்டைப் பட்டன் பற்றரியை விழுங்கினால் சில மணிநேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், காத்திருந்து பார்க்க வேண்டாம்.

அப்புறம், எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான்கு மாதத்துக்குப் பிறகும் கை எப்போதும் முஷ்டியாகவே இருந்தால். பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது ஒன்பது மாதம் தாண்டியும் வராவிட்டால். ஒன்றேகால் வயதிலும் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் சின்னப் பொருளை எடுக்காவிட்டால். ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றதைச் சும்மா வைத்திருந்தால். முன்பு செய்ததை எந்த வயதிலாவது செய்யாமல் விட்டால். பிள்ளை பிறந்தபோது கொடுத்த வளர்ச்சிப் பதிவேட்டை நிறையை மட்டும் எழுத எடுக்காமல் வளர்ச்சிப் படிகள் உள்ள பக்கத்தையும் திறந்து பாருங்கள். கிளினிக் நாளில் மருத்துவ மாதுவிடம் அதைக் காட்டிக் கேளுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

லிந்துலை_இடக்கை_அப்பா:

என் மகளுக்கு நான்கு வயது. எல்லாம் இடக் கையால்தான். வீட்டில் பெரியவர்கள் கையில் தட்டித் தட்டி வலக் கைக்கு மாற்றுகிறார்கள். சாப்பாடு, கோயிலில் விபூதி வாங்குவது எல்லாம் சரி, எழுதுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

பண்டாரவளை_முன்பள்ளி:

மாற்றாதீர்கள் அண்ணா. எந்தக் கை என்பது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் தெரிய ஆரம்பித்து ஐந்து, ஆறில் உறுதியாகிவிடும். சாப்பிடுவது வலக் கையால் என்று வீட்டு வழக்கம் இருந்தால் பிள்ளை பார்த்துப் பழகிக்கொள்ளும், அடி வேண்டாம். பென்சிலையும் கத்தரியையும் அவள் கையிலேயே விடுங்கள். தாளை வலப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், எழுதியது கைக்குள் மறையாது. பென்சிலை முனையிலிருந்து சற்று மேலே பிடிக்கட்டும். வாங்கில் இடப் பக்க ஓரத்தில் உட்காரவைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. சாதாரணக் கத்தரிக்கோல் இடக் கையில் வெட்டாமல் கடதாசியை மடக்கும், அதைப் பிள்ளையின் குறை என்று நினைத்துவிடாதீர்கள்.

காம்பராக்காரி:

நான் ஒரு தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் வேலை செய்கிறேன். எங்கள் ஆட்கள் இன்னும் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்வார்கள். விரல் பலம் சாப்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தோட்டப் பகுதிகளில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் ஏறக்குறைய 32 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17 சதவீதம்தான். இரத்தசோகை உள்ள பிள்ளை எதைக் கொடுத்தாலும் சீக்கிரம் சோர்ந்துவிடும், அதைச் சோம்பல் என்று திட்டுகிறோம். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷ சத்துமா கிடைத்தால் வீட்டில் எல்லாருக்கும் பங்கு போடாமல் பிள்ளைக்குக் கொடுங்கள். முட்டை, நெத்தலி, பருப்பு, கீரை முடிந்தவரை.

காசு இல்லை என்று யோசிக்க வேண்டாம். எங்களிடம் கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமான் குறைவு. பால்மாப் பெட்டி மூடியில் வெட்டுப் போட்டு, சோடாப் போத்தல் மூடிகளை உண்டியல் மாதிரிப் போடச் சொல்கிறோம். பழைய சப்பாத்து லேஸை மட்டையில் துளை போட்டுக் கோக்கிறோம். களிக்கு இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் உப்பு, ஏறக்குறைய ஒரு கப் தண்ணீர், கொஞ்சம் எண்ணெய். நிறத்துக்குப் பீட்ரூட் தண்ணீர். உப்பு அதிகம், வாயில் போட விடக் கூடாது.

கொட்டகலை_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. அம்மாயி எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவரும் கொழுந்து பறித்தவர்தான். மறுநாளே இவனுக்குக் கோலமா எடுத்துக் கொடுத்திருக்கிறார். நர்சரி டீச்சரிடம் பண்டாரவளை டீச்சர் சொன்ன மாதிரியே பேசினேன். முழுப் பக்கம் வேண்டாம், மூன்று வரி போதும் என்றார். முழுதாக நிறுத்த அவருக்கு மனமில்லை. பரவாயில்லை, இப்போதைக்கு அழுகை குறைந்திருக்கிறது.

இரண்டு கேள்வி. கத்தரிக்கோல் எப்போது கொடுக்கலாம்? போனில் விரலால் எழுதும் விளையாட்டு ஒன்று இருக்கிறது, வீட்டுக்காரர் அதைப் போட்டுக் கொடுக்கலாமா என்கிறார்.

மலைநாட்டு_சிகிச்சையாளர்:

மூன்று வரி நல்ல தொடக்கம்.

கத்தரி இப்போதே கொடுக்கலாம், முனை மழுங்கியது, பக்கத்தில் ஆள் இருக்க. முதலில் விரல் அகலக் கடதாசித் துண்டை ஒரே வெட்டில் துண்டாக்கட்டும். தாள் நெளிந்தால் கொஞ்சம் தடித்த மட்டை கொடுங்கள். கோட்டின் மேல் வெட்டுவது நான்கு வயதில், வட்டம் வெட்டுவது ஐந்தை ஒட்டி வரும். பெருவிரல் மேலே பார்க்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

போன் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடியில் விரல் வழுக்கிப் போகும், எதிர்ப்பு இல்லை, பிடிப்பு இல்லை, பலம் வராது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று. அந்த ஒரு மணிநேரத்தையும் ‘எழுத்துப் பயிற்சி’ என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

தலவாக்கலை_தகப்பன்:

காம்பராவில் வேலை செய்யும் தங்கச்சி, நீங்கள் சொன்ன களியைச் சின்ன மகனுக்குச் செய்து கொடுத்தேன். முறுக்கு, இடியப்பம் என்று கடை போட்டு விற்றான். ஆனால் இங்கே அடைமழை. அடுத்த நாளே கையில் ஒட்டுகிறது.

காம்பராக்காரி:

அண்ணா, உப்பு ஈரத்தை இழுக்கும், மழை நாளில் அப்படித்தான். இறுக்க மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள். எடுக்கும்போது ஒரு பிடி மா தூவிப் பிசையுங்கள், அந்தப் பிசையும் வேலையையும் மகனிடமே கொடுங்கள். வாடை மாறினால் எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.